தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாத மருத்துவமனைப் பணியாளருக்கு வேலை மறுக்கலாமா?

ஓமலூர் ஆய்வகன்:
சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆய்வக நுட்புநராக இருக்கிறேன். போன வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி தொற்றுக்கான தடுப்பூசி மூன்று தவணையும் போட்ட சான்றிதழ், இந்த ஆண்டுக்கான இன்ஃப்ளூயன்சா ஊசிச் சான்றிதழ் இரண்டையும் மாத இறுதிக்குள் கொடுக்காதவர்களுக்கு டியூட்டி கிடையாதாம். யாருக்கு விலக்கு, செலவு யாருடையது என்று ஒரு வரி இல்லை. ஊசி போட்டுக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை; இப்படி மிரட்டுவதில்தான் மறுப்பு. நண்பர்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஐந்து ரோடு செவிலி:
தம்பி, நான் தொற்றுத் தடுப்புப் பிரிவில் வேலை செய்பவள். மிரட்டல் என்ற சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை. ஹெபடைடிஸ் பி உள்ள நோயாளிக்குப் போட்ட ஊசி, தடுப்பூசி போடாதவர் கையில் குத்தினால் தொற்றும் வாய்ப்பு சில சூழல்களில் 30 சதவீதம் வரை போகும். ஹெபடைடிஸ் சி என்றால் சுமார் 2, எச்.ஐ.வி. என்றால் 0.3 சதவீதம்தான். ஆனால் நம் ஊரில் நடப்பது என்ன? எச்.ஐ.வி. ஊசி குத்தினால் வார்டே கூடி அழும். ஹெபடைடிஸ் பி என்றால் ‘காமாலைதானே, கீழாநெல்லி அரைத்துக் குடி’ என்று போய்விடுவார்கள். கேட்டுக் கேட்டு அலுத்த பிறகுதான் நிர்வாகம் உத்தரவு போடுகிறது.

சங்ககிரி வழக்கறிஞர்:
அலுப்பு சட்டமாகிவிடாது, சகோதரி. கோவிட் ஊசிக் கட்டாயத்தை எதிர்த்த ஜேக்கப் புலியேல் வழக்கில், 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: உயிர் வாழும் உரிமையைத் தரும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவின்படி யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது. போடாதவர்கள் மீது மாநில அரசுகளும் மற்றவர்களும் விதித்த கட்டுப்பாடுகள் அளவுக்கு மீறியவை என்றும் சொன்னது.

ஐந்து ரோடு செவிலி:
ஐயா, தீர்ப்பின் மறுபாதியையும் சொல்லுங்கள். பொதுச் சுகாதாரத்துக்காகத் தனிமனித உரிமைக்கு நியாயமான வரம்பு வைக்கலாம் என்பதும் அதே தீர்ப்புதான். கட்டுப்பாடுகளைக் கைவிடச் சொன்னது, தொற்று குறைந்திருந்த அந்த நேரத்துக் கோவிட் நிலவரத்தைப் பார்த்து. டயாலிசிஸ் பிரிவில் படுத்திருப்பவருக்கும் உயிர் இருக்கிறது, அவருக்கும் 21ஆம் பிரிவு உண்டு.

சங்ககிரி வழக்கறிஞர்:
ஹெபடைடிஸ் பி ஊசி பெரும்பாலும் போட்டுக்கொள்பவரைத்தானே காக்கிறது? தன் உயிருக்கான ஆபத்தை ஏற்பதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. ஃப்ளூ ஊசி நோயாளிக்காக என்றால், அதை மட்டும் தனியே வாதிடுங்கள். இரண்டையும் ஒரே காகிதத்தில் கட்டித் தருவதுதான் சிக்கல்.

வேப்பிலை:
எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இயற்கை வாழ்வுதான். நம்பிக்கைக்கும் விலக்கு தர வேண்டும். அமெரிக்காவில் தருகிறார்களே?

ஐந்து ரோடு செவிலி:
அமெரிக்க மருத்துவப் பணியாளர்களுக்கான கோவிட் ஊசி உத்தரவை 2022 ஜனவரியில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அனுமதித்தது. அதில் மருத்துவ விலக்கோடு மத விலக்கும் இருந்தது உண்மை. இயற்கை வாழ்வு மதமா என்று எனக்குத் தெரியாது. நான் ஏற்பது மருத்துவக் காரணம் மட்டும்: ஈஸ்ட் அல்லது முந்தைய தவணையால் கடும் ஒவ்வாமை என்றால் ஹெபடைடிஸ் பி ஊசி வேண்டாம். கர்ப்பிணிக்கு எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஊசி) போன்ற, வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசி வேண்டாம்.

ஏற்காட்டுக் காப்பி:
எல்லோரும் நகரத்திலிருந்தே பேசுகிறீர்கள். மலைக் கிராமங்களில் ஒரு செவிலியரை நிறுத்தினால் அந்த இடம் காலிதான். பிரசவ வலியோடு 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வரச் சொல்வீர்களா? இங்கிலாந்தில் மருத்துவப் பணியாளர்களுக்குக் கோவிட் ஊசி 2022 ஏப்ரல் 1 முதல் கட்டாயம் என்று விதி போட்டுவிட்டு, ஆள் பற்றாக்குறைக்குப் பயந்து மார்ச்சிலேயே திரும்பப் பெற்றார்கள். அவர்களுக்கே அந்த நிலை.

ஐந்து ரோடு செவிலி:
ஆள் இல்லை என்பதற்காகக் கையுறை இல்லாமல் பிரசவம் பார்க்கச் சொல்வீர்களா? இருக்கிற ஒரே செவிலியர் நோயில் படுத்தாலும் அந்த இடம் காலிதான்.

ஓமலூர் ஆய்வகன்:
அக்கா, இதற்குப் பதில் சொல்லுங்கள். 2016ஆம் ஆண்டு உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளைத் தேடிப் படித்தேன். கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் உள்ளிட்ட நோய்களுக்கு எதிராக ஊசி போட வேண்டிய கடமை நிறுவனத்தை நடத்துபவருக்கு. வேலையில் சேரும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவதும் உடல் பரிசோதனை செய்து பதிவேடு வைப்பதும் அவர் பொறுப்பு. எங்கள் மருத்துவமனையில் கழிவு நிரம்பிய மஞ்சள் பையும் சிவப்புப் பையும் தூக்கும் ஒப்பந்தப் பெண்களுக்கு இன்றுவரை யாரும் ஊசி போடவில்லை. இப்போது அவர்களிடமே சான்றிதழ் கேட்கிறார்கள். தன் கடமையைச் செய்யாதவர் அடுத்தவருக்குக் கெடு வைப்பதா?

ஐந்து ரோடு செவிலி:
கெடுவே அபத்தம்தான். வழக்கமான அட்டவணை 0, 1, 6 மாதம். இன்று தொடங்கினாலும் மூன்றாம் தவணைக்கு அரையாண்டு ஆகும். அதை எழுதியவருக்கு அட்டவணைகூடத் தெரியவில்லை. ஆனால் தம்பி, நிர்வாகத்தின் தவறு ஊசியின் தவறு ஆகாது. இலவசமாகப் போட்ட பிறகும் ஒருவர் மறுத்தால்? அதற்குப் பதில் நீங்கள் யாரும் சொல்லவில்லை.

சங்ககிரி வழக்கறிஞர்:
இடம் மாற்றுங்கள், வேலையை விட்டு அனுப்பாதீர்கள்.

ஐந்து ரோடு செவிலி:
சிறிய மருத்துவமனையில் எங்கே மாற்றுவது? வரவேற்பு மேசையில் எத்தனை பேரை உட்கார வைப்பார்கள்? சரி, இதையாவது கேளுங்கள்: முதல் தவணைக்கு நிர்வாகமே ஒரு தேதி தரட்டும், ஒப்பந்தப் பணியாளரையும் சேர்த்து. மூன்றாம் தவணை முடிந்து ஓரிரு மாதத்தில் எதிர்ப்பாற்றல் அளவைப் பார்க்கட்டும். சிலருக்கு மூன்று போட்டும் அந்த அளவு, பாதுகாப்புக்கு வேண்டிய 10 அலகைத் தாண்டாது. அவர்களைத் தண்டிக்கக் கூடாது. டயாலிசிஸ், அறுவை அரங்கு இரண்டிலும் மட்டும் நான் இறங்கி வர மாட்டேன்.

சங்ககிரி வழக்கறிஞர்:
‘ஊதியம் குறையாது’ என்ற வரியையும் சேர்த்து எழுத்தில் வாங்குங்கள், ஓமலூரார். வாய்மொழி உறுதியை நம்பி என்னிடம் வந்தவர்கள் நிறைய.