அம்மா புளி போட்டுத் தேய்த்த 1801 அமெரிக்க சென்ட் காசு: இனி என்ன செய்வது?

லீஹைவாசி எழுதியது:

வணக்கம். நாணயம் சேர்ப்பதைப் பற்றி எனக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. பென்சில்வேனியாவில் ஆலன்டவுன் பக்கம் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறோம். அடுத்த வீட்டுப் பெரியவர் போன மாதம் வீட்டை விற்றுவிட்டு மகளோடு இருக்கப் போய்விட்டார். பனி கொட்டும் நாட்களில் அவர் வாசலையும் நான்தான் வாரிக் கொடுப்பேன். அந்த நன்றிக்கோ என்னவோ, கிளம்பும்போது ஒரு மாத்திரைக் குப்பியை என் கையில் வைத்தார். உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் மூன்று செப்புக் காசுகள். தம் தாத்தா வைத்திருந்தவை என்றார்.

மூன்றையும் சமையலறை மேடையில் பரப்பி வைத்துவிட்டு வேலைக்குப் போனதுதான் நான் செய்த பிழை. கும்பகோணத்திலிருந்து அம்மா வந்திருக்கிறார். செம்பைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. மாலை வந்து பார்த்தால் ஒரு காசு அப்போதுதான் கடையிலிருந்து வாங்கிய சொம்பு போல இளஞ்சிவப்பாகப் பளபளக்கிறது. "எத்தனை அழுக்கு தெரியுமா, இரண்டு தடவை புளி போட வேண்டியிருந்தது" என்று பெருமை வேறு. பேத்தி பள்ளியிலிருந்து வந்துவிட்டதால் மற்ற இரண்டும் தப்பின.

அம்மா ஏலக்காய் நிறுக்கும் சிறிய மின்தராசில் நிறுத்துப் பார்த்தேன்.

புளி பட்டது: 1801. வலப்பக்கம் பார்க்கும் பெண், கூந்தலில் ரிப்பன். 10.6 கிராம். பின்பக்கம் இலை வளையம், அதற்கு அடியில் ஒரு பின்னம். டாலரில் நூறில் ஒன்று என்பதால் 1/100 என்று இருக்க வேண்டும் என்று படித்தேன். என் கண்ணுக்கு 1/000 என்றுதான் தெரிகிறது. தேய்மானமா? 'யுனைட்டெட்' என்பதன் முதல் எழுத்தும் இரண்டு குச்சிகளை நட்டுவைத்ததுபோல் இருக்கிறது.

அடுத்தது 1851. இடப்பக்கம் பார்க்கும் முகம், பின்னிய கொண்டை. யாரோ கழுத்தில் கட்டத் துளை போட்டிருக்கிறார்கள். 10.5 கிராம்.

மூன்றாவதில் ஆண்டே இல்லை. வலப்பக்கம் பார்க்கும் தலையின் நிழல் மட்டும். 12.6 கிராம். மற்றவற்றைவிடத் தடிமனாகவும் இருக்கிறது.

முதல் காசை மீட்க வழி உண்டா? மற்றவற்றைத் தரம் பார்த்து பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரும் நிறுவனத்துக்கு அனுப்பலாமா?

---

தராசுத்தட்டு எழுதியது:

தேய்த்த காசுக்கு மதிப்பு போய்விட்டது நண்பரே. செம்பு விலைக்குப் போடலாம். 1851இல் ஏறக்குறைய 99 லட்சம் காசுகள் அடித்தார்கள், அதிலும் உங்களுடையது துளை போட்டது. ஆண்டு தெரியாததைக் குழந்தைக்கு விளையாடக் கொடுங்கள். தரம் பார்க்க அனுப்பும் செலவுகூட மீளாது.

---

செப்புக்கிறுக்கன் எழுதியது:

தராசுத்தட்டு ஐயா, கொஞ்சம் பொறுங்கள். 12.6 கிராம் என்று அவர் எழுதியதைப் படித்துவிட்டுமா குழந்தைக்குக் கொடுக்கச் சொல்கிறீர்கள்?

லீஹைவாசி, மூன்றாவது காசை இப்போதே எடுத்து அம்மாவின் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் புளிக் கதை.

உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. அது 1/000தான். ஒன்றைச் சுழியால் வகுத்து நாணயம் வெளியிட்ட ஒரே அரசாங்கம் இதுவாகத்தான் இருக்கும். அன்றைய பிலடெல்பியா நாணயச்சாலையில், காசில் உருவத்தைப் பதிக்கும் எஃகு அச்சு செய்வது கைவேலை. எழுத்து, எண், பழக்கொத்து எல்லாவற்றையும் தனித்தனி உளிமுத்திரையால் ஒவ்வொன்றாக எஃகில் அடிப்பார்கள், அதுவும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாற்றி. உங்கள் காசின் பின்பக்க அச்சை அடித்தவனுக்கு அன்று என்ன ஆயிற்றோ தெரியவில்லை. 'யுனைட்டெட்'டின் முதல் எழுத்தைத் தலைகீழாக அடித்துவிட்டான். தவறு தெரிந்ததும் அதன் மேலேயே நேராக இன்னொரு தடவை அடித்தான். கிண்ணம் போல மேலே திறந்திருக்க வேண்டிய எழுத்து இரண்டு குச்சிகளானது அப்படித்தான். பின்னத்தில் ஒன்றுக்குப் பதில் இன்னொரு சுழி போட்டான். இனி நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்று பாக்கி: இலை வளையத்தின் அடியில், முடிச்சுக்குக் கீழே காம்புகள் எத்தனை? இரண்டு இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தால், மூன்று பிழையும் ஒரே அச்சில் அமைந்த புகழ்பெற்ற காசு உங்களிடம் இருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் அதற்கு எஸ்-219 என்று பெயர். வெறும் 1/000 மட்டும் இருந்தால் போதாது, அது வேறு அச்சுகளிலும் உண்டு. 1802 காசுகளில்கூட இதே கூத்து இருக்கிறது.

எஸ் என்பது ஷெல்டன். வில்லியம் ஷெல்டன் 1949இல் 1793 முதல் 1814 வரையிலான சென்ட்களை அச்சு வாரியாகப் பிரித்து எண் கொடுத்தார். இன்று எல்லா நாணயத்துக்கும் போடுகிறார்களே, 1 முதல் 70 வரை தரப் புள்ளி, அதுவும் இந்தச் செப்புக் காசுகளுக்காக அவர் வகுத்ததுதான். 70 வாங்கும் காசு அடிமட்டக் காசைப்போல் 70 மடங்கு விலை போக வேண்டும் என்று கணக்கு. விலை அவர் சொன்னபடி நடக்கவில்லை, புள்ளி மட்டும் நின்றுவிட்டது. ஆள் யோக்கியர் அல்லர். நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் தம்முடைய மட்டமான காசுகளை வைத்துவிட்டார் என்பது அவர் மறைவுக்குப் பிறகு நீதிமன்றம் வரை போனது. ஆனால் அவர் எண்களை விட்டால் எங்களுக்குப் பேச்சே கிடையாது.

இப்போது மதிப்பு. எஸ்-219 அப்படியொன்றும் கிடைக்காத சரக்கல்ல. பழுப்பு நிறம் கெடாமல் இருந்திருந்தால் சில நூறு டாலர் போயிருக்கும். புளிக்குப் பிறகு அதில் ஒரு பங்கு. செம்பின் மேல் இருநூறு ஆண்டுகளாக ஏறிய தோல் அது. புளியின் அமிலம் அதைக் கரைத்துவிட்டது, திரும்ப ஒட்ட முடியாது. கந்தகம் கலந்த குழம்பைத் தடவிக் கறுக்கவைக்கும் வழக்கம் உண்டு. நான் செய்ய மாட்டேன். செய்தால், விற்கும்போது சொல்லிவிட வேண்டும், நிறைய பேர் சொல்வதில்லை. சும்மா காகித உறையில் போட்டு அலமாரியில் வையுங்கள். பத்து ஆண்டுகளில் இளஞ்சிவப்பு அடங்கி மங்கிய செங்கல் நிறத்துக்கு வரும். வெங்காயமும் முட்டையும் புழங்கும் சமையலறை மட்டும் வேண்டாம், அந்தக் கந்தகம் திட்டுத்திட்டாகப் படியும்.

செம்பு விலைக்குப் போடச் சொன்னது அபத்தம். அச்சுப் பிழை தேய்க்கத் தேய்க்கப் போய்விடுமா? எங்கள் கூட்டத்தில் காசைத் தரம் பார்க்கும் முறை: முதலில் உருவம் எவ்வளவு கூர்மை என்று ஒரு புள்ளி. பிறகு கீறல், களிம்பு, கழுவிய பாவம் எல்லாவற்றுக்கும் கழித்து இன்னொரு புள்ளி. உங்கள் காசு கூர்மையில் 20 வாங்கி, புளிக்காக 10க்கு இறங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கினாலும் அது எஸ்-219தான்.

பிளாஸ்டிக் பெட்டி என் கருத்தில் வேண்டவே வேண்டாம். 1967இல் தொடங்கிய ஏர்லி அமெரிக்கன் காப்பர்ஸ் என்ற சங்கம் ஒன்று உண்டு, 'பென்னி-வைஸ்' என்று இதழும் நடத்துகிறது. அதன் ஆண்டு மாநாட்டில் ஒரு மாலை நேரக் கூத்து நடக்கும். இந்த ஆண்டு இன்னின்ன ரகங்கள், அதாவது இன்னின்ன அச்சுகளில் அடித்த காசுகள், என்று முன்பே சொல்லிவிடுவார்கள். அவரவர் தம்மிடமுள்ளதைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். எட்டுப் பத்துக் காசுகள் ஒரே ரகத்தில் வரிசையாக இருக்கும். ஒன்றில் அச்சு முழுசாக இருக்கும், அடுத்ததில் மயிரிழை விரிசல், அதற்கடுத்ததில் விரிசல் தடித்து விளிம்பைத் தொட்டிருக்கும். அந்த நாளைய எஃகு அப்படி. அச்சு உடைந்து சாகும்வரை அடித்தார்கள். அதன் முழு ஆயுளையும் ஒரு மேசையில் பார்க்கலாம். விளிம்பைப் பிடித்துக் கையில் எடுத்து, விளக்குக்குச் சாய்த்துப் பார்க்கலாம். பெட்டியில் அடைத்ததை வைத்துக்கொண்டு இதில் பாதிகூட முடியாது.

மூன்றாவது காசு. சென்ட்டின் எடை முதலில் 208 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 13.5 கிராம். 1795இன் இறுதியில் 168 கிரெய்னுக்குக் குறைத்துவிட்டார்கள், 10.9 கிராம். செம்பு விலை ஏறிவிட்டது, காசு அடிக்க அடிக்க நட்டம். இத்தனை தேய்ந்த பிறகும் 12.6 இருக்கிறதென்றால் உங்கள் காசு அந்தக் குறைப்புக்கு முந்தையதாகத்தான் இருக்க வேண்டும். விளிம்பைப் பாருங்கள். மேலே கீழே அல்ல, சக்கரத்தின் பட்டை போலச் சுற்றி ஓடும் பக்கத்தை. எழுத்து ஏதாவது தெரிகிறதா?

தொட்டுத் துடைக்க வேண்டாம். பிசுக்கு இருந்தால் சைலீன் என்ற கரைப்பானில் நனைத்து எடுத்து, மிக மென்மையான ஒட்டகமயிர்த் தூரிகையால் வருடலாம். சைலீன் எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் எடுக்கும், செம்பைத் தொடாது. ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், நெடி தலையைச் சுற்றும்.

---

மண்ணடிக்காரன் எழுதியது:

சென்னையிலிருந்து ஒரு குறுக்கீடு. நான் சேர்ப்பது கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணச் செப்புக் காசுகள். செப்புக்கிறுக்கன் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. பிலடெல்பியாவில் சென்ட் அடித்தார்களே தவிர, அதற்கான, உருவம் பொறிக்காத வெறும் செப்பு வில்லைகளைப் பல ஆண்டுகள் இங்கிலாந்தில் பர்மிங்காமிலிருந்து மேத்யூ போல்டன் நிறுவனத்திடம் வாங்கினார்கள். அதே போல்டனின் சோஹோ நாணயச்சாலையில்தான் எங்கள் ஊருக்கு 1803, 1808 ஆண்டுக் காசுகள் அடிக்கப்பட்டன. 1808இன் 10, 20 காசு நாணயங்களை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோர மணல்திட்டில் மாட்டி மூழ்கியது. கடலிலிருந்து எடுத்த அந்தக் காசுகள் இன்று உலகெங்கும் மலிவாகக் கிடைக்கின்றன. என்னிடமும் நான்கு உண்டு, சென்னைக்கு வர இருநூறு ஆண்டுகள் பிடித்த காசுகள்.

1812இல் அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் போர் மூண்டதும் அந்த வில்லை வரத்து நின்றது. 1815 என்று ஆண்டு பொறித்த சென்ட்டே இல்லாமல் போனது அதனால்தான். யாராவது 1815 என்று விற்க வந்தால் கதவைச் சாத்துங்கள்.

இங்கேயும் புளி பட்ட காசுகள் ஏராளம். என் பாட்டி கொடுத்தவை எல்லாமே அந்த ரகம்தான்.

---

லீஹைவாசி எழுதியது:

காம்பு ஒன்றுதான்! உருப்பெருக்கி வைத்து மூன்று முறை பார்த்தேன். அம்மாவிடம் சொன்னேன். "பார்த்தாயா, நான் தேய்க்காவிட்டால் உனக்கு அந்தச் சுழி கண்ணில் பட்டிருக்குமா?" என்கிறார். பதில் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது காசின் விளிம்பில் எழுத்து இருக்கிறது. கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் அடித்தால் 'ஹண்ட்ரட்' என்பதன் பின்பாதி தெரிகிறது. 'ஃபார்' முழுதாகத் தெரிகிறது. ஓரிடத்தில் சிறிய இலை போல ஒன்று. தலைக்குப் பின்னால் சாய்வாக ஒரு கோடும் இருப்பதாகத் தோன்றுகிறது, நம்பிக்கையாகச் சொல்ல முடியவில்லை.

---

செப்புக்கிறுக்கன் எழுதியது:

'ஒன் ஹண்ட்ரட் ஃபார் எ டாலர்', ஒரு டாலருக்கு நூறு. அந்தச் சாய்வுக் கோடு கழி, அதன் நுனியில் விடுதலைத் தொப்பி மாட்டியிருக்கும். 1793க்கும் 1795க்கும் இடையில் அடித்தது. இந்த உருவத்தை முதலில் செதுக்கிய ஜோசப் ரைட் 1793இல் பிலடெல்பியாவைச் சூறையாடிய மஞ்சள் காய்ச்சலில் செத்துப்போனார்.

இனி ஓரத்தைப் பாருங்கள். முகத்தைச் சுற்றி மணி கோத்ததுபோல் உருண்டை உருண்டையாக இருந்தால் 1793. அப்படி இருந்தால் இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், இரவு இரண்டு மணியானாலும் சரி. பல் பல்லாக இருந்தால் 1794 அல்லது 1795. நான் 1794 என்று பந்தயம் கட்டுவேன், அதுதான் அதிகம் அடித்தது. அந்த ஆண்டில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட ரகங்கள். 1869இல் எட்வர்ட் மாரிஸ் என்ற மருத்துவர் அவற்றுக்கு வைத்த பெயர்களைக் கேளுங்கள்: 'விழுந்த நான்கு', 'தழும்புத் தலை', 'காதல் முகம்', 'வீனஸ் மரினா'. நோயாளிகள் காத்திருந்தார்களோ இல்லையோ, மனிதர் காசுகளுக்கு நாடி பார்த்திருக்கிறார்.

ஆண்டு தேய்ந்தாலும் ரகம் கண்டுபிடிக்கலாம். பின்பக்கம் இலை வளையத்தில் பழங்களை எண்ணுங்கள், இடப்பக்கம் எத்தனை, வலப்பக்கம் எத்தனை. 'ஒன்' என்ற சொல்லின் முதல் எழுத்துக்கு நேராக எந்த இலையின் நுனி நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். படம் எடுத்துப் போடும்போது விளக்கு ஒரே பக்கமாக, தாழ்வாக விழட்டும்.

நான் ரீடிங் பக்கம்தான் இருக்கிறேன், உங்களிடமிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. என் எஸ்-219ஐக் கொண்டுவருகிறேன். உங்களுடையதன் பக்கத்தில் வைத்து விரிசல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்கலாம். துளை போட்ட 1851ஐப் பேத்தியிடம் கொடுத்துவிடுங்கள், துளைதான் ஏற்கெனவே இருக்கிறதே.

---

லீஹைவாசி எழுதியது:

பற்கள்தான், மணிகள் இல்லை. தூங்குங்கள்.

இடப்பக்கம் பழம் ஆறு எண்ணினேன், மகள் ஏழு என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வாருங்கள் அண்ணா, சாப்பாடு எங்கள் வீட்டில். அம்மா வற்றல் குழம்பு வைப்பதாகச் சொல்கிறார். புளி புதிதாக வாங்கியாகிவிட்டது, உங்கள் காசைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள்.