தொப்பூர் ஏற்றத்தில் கார் ஆஃப் ஆகிறது, பம்ப் மாற்றியும் தீரவில்லை

கொலுசுப்பட்டறை, சேலம்

வணக்கம். என்னுடையது 2012 மாடல் பெட்ரோல் கார். 3 சிலிண்டர், 94,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வாரம் இரண்டு தடவை தர்மபுரி, கிருஷ்ணகிரி கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோவேன். என்ன சரக்கு, காரில் எங்கே வைப்பேன் என்றெல்லாம் இங்கே எழுத மாட்டேன். நடுரோட்டில் வண்டி நின்றால் எனக்கு ஏன் வயிறு கலங்குகிறது என்பது மட்டும் புரிந்தால் போதும்.

மூன்று மாதமாக இந்தத் தொல்லை. சேலத்திலிருந்து கிளம்பி அரை மணி நேரம் நன்றாக ஓடும். தொப்பூர் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் இழுக்கும்போது பொட்டென்று எஞ்சின் நின்றுவிடும். இருமல், உதறல், எதுவும் கிடையாது. முதல் தடவை பின்னால் ஒரு டாரஸ் லாரி. பதறிப்போய் பிரேக்கை நாலைந்து தடவை மிதித்தேன், பெடல் கல்லாகிவிட்டது. ஸ்டியரிங்கும் இறுகிவிட்டது. எப்படியோ ஓரம் கட்டினேன். சில நாள் உடனே செல்ஃப் அடித்தால் பிடித்துக்கொள்ளும். சில நாள் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

இதுவரை பிளக், பெட்ரோல் பில்டர், பம்ப் எல்லாம் மாற்றியாகிவிட்டது. பம்ப்புக்கு மட்டும் 5,200 ரூபாய். ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள், ஒரு எரர் கோடும் (பிழை எண்) இல்லை. "எஞ்சின் கம்ப்யூட்டர், அதாவது ஈசிஎம் போயிருக்கும், 18,000 ஆகும்" என்கிறார்கள். மாற்றலாமா?

ராத்திரி வண்டி

பெட்ரோல் மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று இழுக்கிறதா? டேங்குக்குள் காற்று போகும் வழி அடைத்திருந்தால் இப்படித்தான் நிற்கும். அடுத்த தடவை மூடியைச் சும்மா வைத்து ஓட்டிப் பாருங்கள். காசு செலவில்லை.

பழைய ஸ்பேனர், ஈரோடு

ஈசிஎம்மைத் தொடாதீர்கள். அது போகக்கூடாது என்றில்லை, ஆனால் காரணம் தெரியாதபோதுதான் பலர் அதன் தலையில் பழியைப் போடுவார்கள்.

மூடி அடைப்பு என்றால் முதலில் இழுவை குறையும், வண்டி திக்கித் திக்கி அப்புறம்தான் நிற்கும். பம்ப் பலவீனமானாலும் அப்படித்தான். உங்களுடையது சுவிட்சை அணைத்த மாதிரி நிற்கிறது. எனக்கு கிராங்க் சென்சார் பக்கம்தான் சந்தேகம் போகிறது. எஞ்சின் சுற்றுகிறது என்பதை ஈசிஎம்முக்குச் சொல்வதே அந்த சென்சார்தான். அந்தத் தகவல் வராவிட்டால், எஞ்சின் நின்றுவிட்டதென்று நினைத்து ஸ்பார்க், இஞ்செக்டர், பம்ப் எல்லாவற்றையும் ஈசிஎம் நிறுத்திவிடும். அந்த நேரத்தில் பிரஷர் பார்ப்பவர் பம்ப் செத்துவிட்டது என்பார். பம்ப் நின்றதால் எஞ்சின் நிற்கவில்லை ஐயா, தகவல் நின்றதால் இரண்டும் நின்றன. பல வண்டிகளில் இதற்கு எரர் கோடும் விழாது, சாவியை அணைத்ததாகவே எடுத்துக்கொள்ளும்.

பரிசோதனை சுலபம். ஆள் இல்லாத சமமான ரோட்டில் ஓட்டுங்கள். எஞ்சின் நிற்கும்போது இரண்டு விநாடி கிளட்சை மிதிக்காமல் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். சக்கரம் இன்னும் எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கும், அதனால் முள் மெதுவாக இறங்க வேண்டும். சடாரென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் பெட்ரோல் கோளாறு இல்லை. டேஷ்போர்டு விளக்கும் சேர்ந்து போனால் சாவி சுவிட்ச், மெயின் ரிலே, பேட்டரி எர்த் பக்கம் போங்கள்.

இன்னொன்று. எஞ்சின் நின்றபின் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள். பெடலை லேசாக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். வண்டி நிற்கும் வரை சாவியை லாக்குக்குத் திருப்பவே கூடாது.

கேள்வி ஒன்று: இது ஆரம்பிப்பதற்கு முன் கடைசியாக இந்த வண்டியில் என்ன வேலை நடந்தது?

கொலுசுப்பட்டறை, சேலம்

ஒரு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். என் வண்டியில் ஆர்பிஎம் முள்ளே கிடையாது, கீழ் மாடல். மருமகன் ஸ்டியரிங்குக்கு அடியில் சொருகும் 600 ரூபாய் புளூடூத் கருவி ஒன்று கொண்டுவந்து போனில் ஆர்பிஎம்மைக் காட்டினார். நான் ஓட்ட, அவர் போனைப் பார்த்தபடி வந்தார். நின்றது. 2,300-இல் இருந்து நேராக 0. விளக்குகள் அப்படியே எரிந்தன. அன்று மறுபடி பிடிக்கவும் இல்லை. பானட்டைத் திறந்து சென்சார் மேல் ஈரத்துணியைப் போட்டு ஐந்து நிமிடம் வைத்தோம். செல்ஃப் அடித்ததும் பிடித்துக்கொண்டது.

புது சென்சார் ஒரிஜினலே வாங்கினேன், 1,450. ஒரே போல்ட், பத்தாம் நம்பர் ஸ்பேனர், 20 நிமிட வேலை. ஸ்பேனர் அண்ணனுக்குக் கோயிலே கட்டலாம் போல இருக்கிறது.

கொலுசுப்பட்டறை, சேலம்

கோயில் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறேன். பத்து நாள் நன்றாக ஓடியது. நேற்று அதே ஏற்றம், அதே பொட்டு. புது சென்சாரும் அதற்குள் போய்விடுமா?

பழைய ஸ்பேனர், ஈரோடு

என் கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

கொலுசுப்பட்டறை, சேலம்

ஆமாம், மறந்துவிட்டேன். நாலு மாதம் முன்பு கிளட்ச் செட் மாற்றினேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பழைய ஸ்பேனர், ஈரோடு

உங்கள் வண்டியில் அந்த சென்சார் கியர்பாக்ஸ் எஞ்சினோடு சேரும் இடத்தில், பிளைவீலை, அதாவது எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரத்தைப் பார்த்தபடி இருக்கும். கிளட்சுக்காக கியர்பாக்ஸை இறக்கியவர் அதன் ஒயரைக் கழற்றாமல் இருந்திருக்க மாட்டார். திரும்ப மாட்டும்போது கிளிப்பில் வைத்தாரா என்று பாருங்கள்.

என் மேலும் தப்பு உண்டு. சூட்டில் சென்சாரே செத்தால் ஆறும் வரை பிடிக்காது. உங்களுக்குச் சில நாள் உடனே பிடித்தது என்று முதலிலேயே எழுதியிருந்தீர்கள். அதை நான் கவனிக்காமல் விட்டேன். அது ஒயரின் குணம். சென்சாரில் ஒயர் சொருகும் கப்ளரிலிருந்து ஒரு அடி தூரம் ஒயரைக் கையால் தடவிப் பாருங்கள், முக்கியமாக சைலன்சர் பைப் பக்கம். எஞ்சின் ஓடும்போது தொடாதீர்கள், ஆறட்டும்.

கொலுசுப்பட்டறை, சேலம்

கண்டுபிடித்தாயிற்று! கிளிப் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. ஒயர் தொங்கி, சைலன்சர் பைப்பை மூடும் தகட்டின் விளிம்பில் உராய்ந்திருக்கிறது. மேல் உறை உருகி, உள்ளே ஒரு கம்பி செம்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. ஏற்றத்தில் எஞ்சின் மவுண்டில் சாயும்போது அந்தக் கம்பி தகட்டைத் தொட்டிருக்கிறது. இறங்கிப் பார்த்தபோதெல்லாம் எனக்கு ஒன்றும் தெரியாமல் போனதும் அதனால்தான். சென்சார் மாற்றியபோது ஒயரை அசைத்ததில் பத்து நாள் தப்பித்தேன் போல.

பஜாரில் ஒரு எலக்ட்ரீஷியன் வெட்டி ஒட்டி, சூட்டில் சுருங்கும் உறை போட்டு, புது கிளிப் மாட்டினார். மொத்தம் 350 ரூபாய். 24 நாள் ஆகிறது, தொப்பூரை 7 தடவை ஏறி இறங்கிவிட்டேன். கிளட்ச் போட்ட பட்டறைக்குப் போய்ச் சொன்னேன். "பழைய வண்டி சார், ஒயர் காய்ந்திருக்கும்" என்றார்கள். வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பழைய சென்சார் இப்போது டேஷ்போர்டு பெட்டியில் ஸ்பேராகக் கிடக்கிறது. கழற்றிய பழைய பம்ப்பைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. யாருக்காவது வேண்டுமா?

மலைக்காரன், ஏற்காடு

பம்ப் வேண்டாம், என்னுடையது டீசல். கொண்டை ஊசி வளைவில் அதுவும் இப்படித்தான் நிற்கிறது. அதே சென்சாரா?

பழைய ஸ்பேனர், ஈரோடு

டீசலில் முதலில் பில்டரைப் பாருங்கள். அடியில் இருக்கும் திருகைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். லைனில் கைப்பம்ப் இருந்தால் அமுக்குங்கள். இறுகாமல் அமுங்கிக்கொண்டே போனால் எங்கோ காற்று இழுக்கிறது. டேங்கில் எவ்வளவு டீசல் இருக்கும்போது நிற்கிறது, கடைசியாக வண்டியில் யார் கை வைத்தார்கள், இரண்டையும் எழுதிவிட்டு மற்றதைக் கேளுங்கள்.