ஏசி அறையில் நிற்கும் சுருதி மண்டபத்தில் ஏறிவிடுகிறது: மரக் கிளாரினெட்

வெள்ளவத்தை அப்பா:
மகள் இப்போதுதான் பிளாஸ்டிக்கை விட்டு மரக் கிளாரினெட்டுக்கு மாறியிருக்கிறாள். ஏசி அறையில் பழகும்போது டியூனரில் சரியாக நிற்கிற சுருதி, பள்ளி மண்டபத்துக்குப் போனால் ஏறிவிடுகிறது. வாயில் வைத்து ஊதும் நாணல் தகடான ரீட்டின் நுனியும் அலை அலையாக நெளிகிறது. கொழும்பு ஈரத்துக்கு மரம் வெடிக்கும் என்று வேறு பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

கொட்டாஞ்சேனை பாண்ட்:
ஈரம் ஒரே சீராக இருந்தால் மரம் தாங்கும் அண்ணை. ஏசியில் வெளிப்பக்கம் குளிர்ந்து காய்ந்திருக்க, மூச்சின் சூடும் ஈரமும் உள்துளையை மட்டும் உப்பவைக்கும், அந்த இழுபறியில்தான் மேல்துண்டில் கீறல் விழும். ஊதுமுன் மேல்துண்டைக் கைக்குள் வைத்துச் சூடாக்கச் சொல்லுங்கோ. புதுசென்றால் முதல் சில கிழமை ஒரே மூச்சில் நெடுநேரம் வேண்டாம், இடையிடையே துணி இழுத்துத் துடைக்க வேண்டும்.

சுருதி ஏறுவது காற்றின் வேலை. ஒரு பாகை சூடானால் ஒலியின் வேகம் வினாடிக்கு 0.6 மீற்றர் அளவில் கூடும். 22 பாகை அறையிலிருந்து 30 பாகை மண்டபத்துக்குப் போனால் கணக்குப்படி அரைச்சுரத்தில் கால்வாசி ஏறும். மூச்சே குழலைச் சூடாக்குவதால் உண்மையில் அவ்வளவு வராது. மேல்துண்டுக்கும் வாய்முனைக்கும் நடுவிலுள்ள குட்டித் துண்டான பரலைச் (barrel) சற்று வெளியே இழுத்தால் சரி.

சீவாளி:
உங்களுக்கு ஒரு ரீட், நாதஸ்வரம் ஊதும் எங்களுக்கு இரட்டை, அதைத்தான் சீவாளி என்போம். ஏசிக் கல்யாண மண்டபத்தில் தவில் தனி முடிவதற்குள் சீவாளி உலர்ந்து சத்தம் கம்மிவிடும். நாதஸ்வரத்தில் கூடுதல் சீவாளிகளும் ஊசியும் தொங்குவது அழகுக்கு என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள்! அடுத்ததை வாயில் நனைத்துத் தயாராக வைத்திருப்போம்.

ரீட்டும் அதே நாணல் சாதிதான். நுனி மெல்லிசு, அடி தடிப்பு, அதனால் நுனி முந்தி ஈரம் குடித்து, விரிய இடமில்லாமல் நெளியும். தண்ணீரில் ஓரிரு நிமிடம் ஊறவிட்டு, கண்ணாடித் துண்டின்மேல் தட்டைப்பக்கம் கீழாக வைத்துப் பெருவிரலால் அழுத்தினால் படிந்துவிடும். ஊதி முடிந்ததும் ஈரத்தோடு டப்பாவில் அடைக்க வேண்டாம், இந்த ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கறுப்புப் புள்ளி கண்டால் எறியுங்கள், வாயில் வைக்கிற சாமான்.

வெள்ளவத்தை அப்பா:
நன்றி. அப்போ ஏசியை நிறுத்தவா? மகள் சண்டைக்கு வருவாள்.

கொட்டாஞ்சேனை பாண்ட்:
நிறுத்தத் தேவையில்லை, 26இல் விடுங்கோ. காற்று நேரே குழலில் படாத மூலையில் இருந்து ஊதட்டும்.