புதுப்பிப்பு: அப்பாவுக்கு ஷாக்வேவ் சிகிச்சை
போன மாதம் கேட்டிருந்தேன்: பைபாஸ் முடிந்தும் அப்பாவுக்கு நெஞ்சுவலி விடவில்லை, இனி ஸ்டென்ட் வைக்க இடமில்லை என்கிறார்கள், விளம்பரத்தில் பார்த்த 'அறுவையில்லாத ஷாக்வேவ்' (அதிர்வலை சிகிச்சை) செய்யலாமா என்று. இதயநோய் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தோம்.

முதலில், நான் இரண்டைப் போட்டுக் குழப்பியிருக்கிறேன். பதிலளித்த சிலரும்தான்! ரத்தக்குழாய்க்குள் பலூனைச் செலுத்தி, படிந்த கால்சியத்தை அதிர்வால் உடைப்பது ஒன்று. அது ஸ்டென்ட்டுக்கான முன்னேற்பாடு. நான் கேட்டது வெளியிலிருந்து மார்பின்மேல் கொடுப்பது. சிறுநீரகக் கல்லை உடைக்கும் அதே வகை அலை, சக்தி மட்டும் பத்தில் ஒரு பங்கு. எக்கோ ஸ்கேனில் இதயத்தில் இடம் பார்த்து, இசிஜியின் துடிப்போடு சேர்த்துக் கொடுப்பார்களாம். வழக்கமாக 1, 5, 9-ஆம் வாரங்களில் வாரத்துக்கு மும்முறை, மொத்தம் 9 அமர்வுகள்.

இது அடைப்பை நீக்காது. இதயத்தில் புதிய நுண் ரத்தக்குழாய்கள் முளைக்கத் தூண்டும் என்பதே எதிர்பார்ப்பு. விளம்பரத்தில் இந்த வரியைக் காணோம். ஜப்பானில் ஷிமோகாவா என்ற இதயநோய் மருத்துவரின் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில் 9 நோயாளிகள்தான். வலி குறைந்தது உண்மை. அதன்பின் வந்தவையும் பெரும்பாலும் சிறிய ஆய்வுகளே.

சரி, இப்போதைக்கு எங்கள் மருத்துவர் மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஆறு வாரம் பார்த்துவிட்டு, வலி அப்படியே இருந்தால் ஷாக்வேவ் பற்றிப் பேசலாம் என்றார். அப்பாவுக்கு ஒரே சந்தேகம்: "கல் உடைக்கிற மெஷினை நெஞ்சுல வைப்பாங்களா?"