90 நாள் மறுவாழ்வு மையத்துல சேர்க்கிறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?

கெடிலக்கரை:
தம்பிக்கு 36 வயசு. தினமும் மூணு குவார்ட்டர். காலையில ஒரு கட்டிங் உள்ளே போனாத்தான் கை நடுக்கம் நிக்குது. பாண்டி பக்கம் ஒரு மையத்துல 90 நாள் உள்ளேயே வெச்சுப் பார்க்கிறாங்களாம். வரமாட்டேன்னா வண்டியோட ஆள் அனுப்பித் தூக்கிட்டு வந்துடறோம்ங்கிறாங்க. சேர்க்கலாமா? அதுவரைக்கும் வீட்டுலயே குடியை நிறுத்தி வைக்கலாமா?

வார்டு செவிலி:
வீட்டுல திடீர்னு நிறுத்திடாதீங்க, தயவுசெஞ்சு. 180 மி.லி. குவார்ட்டர்ல சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். மூணுன்னா 180 கிராம். அதுக்குப் பழகின உடம்பு, கடைசியாக் குடிச்சு 6 மணி நேரம் தாண்டினதும் நடுங்கும், வேர்க்கும். 48 மணி நேரத்துக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டாம் நாள்லேருந்து நாலாம் நாளுக்குள்ள ஜன்னி கண்ட மாதிரி பிதற்றல், இல்லாததைப் பார்த்துப் பயப்படறது. உயிர் போற ஆபத்து இதுலதான்.

அதனால முதல் 7-10 நாள் டாக்டர் இருக்கிற வார்டு: ஜிப்மர் மனநலத் துறை, இல்லேன்னா கடலூர் அரசு தலைமை மருத்துவமனை. நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்குற குளோர்டையசெபாக்சைடு மாத்திரை கொடுத்து நாளுக்கு நாள் குறைப்பாங்க. ஈரல் கெட்டிருந்தா லோராசெபாம். கூடவே தயமின் (வைட்டமின் பி1) ஊசி. சோர்ந்து கிடக்கிறான்னு தயமின் இல்லாம குளுக்கோஸ் மட்டும் ஏத்துறதுதான் அடிக்கடி நடக்கிற தப்பு. மூளை பாதிச்சு, போன ஞாபகம் திரும்பாமலே போயிடலாம். முன்னாடி எப்பவாவது வலிப்பு வந்திருந்தா முதல்லயே சொல்லிடுங்க.

சட்டம் தெரிஞ்சவர்:
தூக்கிட்டு வரோம்னு சொல்ற இடமே வேண்டாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல குடி, போதையால வர்ற மனநிலைக் கோளாறும் அடங்கும். சம்மதம் இல்லாம சேர்க்கணும்னா பிரிவு 89: மனநல மருத்துவர் ஒருத்தர், இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ ஒருத்தர், ரெண்டு பேரும் தனித்தனியாப் பரிசோதிக்கணும். தனக்கோ பிறருக்கோ ஆபத்து, இல்லே தன்னையே கவனிச்சுக்க முடியாத நிலைன்னு எழுதணும். அப்பவும் 30 நாள்தான். மேல நீட்டிக்கத் தனி நடைமுறை. சங்கிலி போடறது குற்றம்.

நேர்ல போய் பதிவுச் சான்றிதழ் கேளுங்க. மனநல மருத்துவர் எந்தெந்தக் கிழமை வர்றார், ராத்திரி நர்ஸ் உண்டா, போன் பேச விடுவாங்களான்னு கேளுங்க. சமையல்கட்டு, கழிப்பறை வரைக்கும் பாருங்க. உள்ளே விடலேன்னா திரும்பி வந்துடுங்க.

கெடிலக்கரை:
வெளியே வந்தப்புறம் டைசல்பிரம் மாத்திரையைக் குழம்புல கலந்து கொடுக்கச் சொல்றாங்களே?

வார்டு செவிலி:
கூடவே கூடாது. அது சாராயத்தோட சேர்ந்தா ஒத்துக்காத மாத்திரை. உள்ளே போனது தெரியாம அவர் சாராயம் குடிச்சா முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் இறங்கும், சாவும் நடக்கலாம். அவருக்குத் தெரிஞ்சு, ஈரல் பரிசோதனை பார்த்து, கடைசிக் குடி முடிஞ்சு 12 மணி நேரமாவது ஆனப்புறம்தான் தொடங்கணும். மாத்திரையை நிறுத்தினாலும் 14 நாள் வரைக்கும் அதோட வேகம் இருக்கும். அது வேண்டாம்னா குடி ஆசையைக் குறைக்கிற அகாம்ப்ரோசேட், நால்ட்ரெக்சோன் இருக்கு.

இன்னொண்ணு, கடலூர்-பாண்டி பஸ்ஸுல எல்லை தாண்டினதுமே வரிசையா பிராந்திக் கடை. முதல் சில மாசம் அந்த வழியில தனியா அனுப்பாதீங்க. ராத்திரி ஆசை கிளம்பி தவிச்சா 14416-ங்கிற அரசு மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம், 24 மணி நேரமும் எடுப்பாங்க. மருந்துச் சீட்டும் அடுத்த ரிவ்யூ தேதியும் கையில வராம டிஸ்சார்ஜுக்குச் சம்மதிக்காதீங்க.