நடனச் சப்பாத்துக்குக் காலை அளந்து அனுப்புவதா, பள்ளிச் சப்பாத்தின் நம்பரைச் சொல்வதா?

திருக்கோவில் அம்மா:
மகளுக்கு 12 வயது. கல்முனைப் பக்கம் ஒரு வகுப்பில் சா-சா-சாவும் வோல்ட்ஸும் பழகுகிறாள். இதுவரை கன்வஸ் சப்பாத்தோடு ஆடினாள், இப்போது டீச்சர் சா-சா-சா போன்ற லத்தீன் நடனங்களுக்குப் போடுகிற, முன்பக்கம் திறந்த லத்தீன் சப்பாத்து வாங்கச் சொல்லிவிட்டார். இங்கே கடைகளில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஒன்லைனில்தான் எடுக்க வேண்டும், விற்கிறவர் திருப்பி எடுக்க மாட்டாராம். பள்ளிச் சப்பாத்து 37. அதையே சொல்லிவிடலாமா? வீட்டில் அளந்தால் சரியாக வருமா?

கடைத்தெரு அண்ணன்:
தங்கச்சி, 38 எடுங்கள். சப்பாத்துக் கடையில் நிற்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். வளர்கிற பிள்ளை, அடுத்த வருசம் கால் உள்ளே போகாது, மறுபடியும் இவ்வளவு காசு கொடுக்கப் போகிறீர்களா? உள்ளுக்கு ஒரு இன்சோல், முன்னுக்குக் கொஞ்சம் பஞ்சு, இறுக்குவதற்கு வார் இருக்கிறது. வீட்டில் அளப்பதை மட்டும் நம்பாதீர்கள். தாளில் காலை வரைந்துகொண்டு வருகிறவர்களுக்குக் கொடுத்த சோடிகள்தான் எங்களிடம் அதிகம் திரும்பி வருகின்றன.

கல்லடி நடனக்காரி:
அண்ணன், 38 வேண்டவே வேண்டாம், அந்தப் பிள்ளையின் கணுக்காலை யோசித்துப் பாருங்கள். நடக்கிற சப்பாத்தில் விரலுக்கு முன்னால் இடம் விடுவது நல்லது, ஆடுகிற சப்பாத்தில் அந்த இடம்தான் ஆபத்து. லத்தீன் சப்பாத்தில் குதி உயர்ந்திருப்பதால் உடம்புப் பாரம் முன்பாதத்துக்கு இறங்குகிறது. சப்பாத்து பெரிதாக இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் கால் முன்னுக்கு வழுக்கும், குதிக்குப் பின்னால் வெளி விழும், சுழலும்போது கால் திரும்பிய பிறகுதான் சப்பாத்து திரும்பும். கணுக்கால் பிரளுவது அந்த நேரத்தில்தான். பஞ்சு வைத்தால் விரல் நிலத்தைப் பிடிக்காது. விரல் நிலத்தைப் பிடிக்க வேண்டும் என்றுதானே முன்பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள்? விரல் நுனி சப்பாத்து அடியின் விளிம்புக்கு வந்து நிற்க வேண்டும், அதுதான் அளவு.

அக்கா, இப்படி அளவுங்கள். பின்னேரம் அளவுங்கள், வகுப்பு முடிந்து வந்த கையோடு என்றால் இன்னும் நல்லது, எங்கள் ஊர் வெக்கையில் பகல் முழுக்க நின்று நடந்த கால் காலையில் இருந்ததை விடக் கொஞ்சம் பெருத்திருக்கும். பிள்ளை சுவரில் குதிக்கால் முட்ட, இரண்டு காலிலும் பாரம் போட்டு நிமிர்ந்து நிற்க வேண்டும், கதிரையில் இருத்தி அளக்கக் கூடாது, பாரம் விழும்போதுதான் பாதம் நீண்டு அகலும். அவளே குனிந்து அளந்தால் பாரம் மாறிவிடும், நீங்கள்தான் அளக்க வேண்டும். தடித்த மட்டைப் புத்தகம் ஒன்றை நிமிர்த்தி, நீண்ட விரலில் தொட வைத்து (பெருவிரல்தான் நீளம் என்றில்லை, சிலருக்கு இரண்டாம் விரல்), அது நிற்கிற இடத்தில் கோடு போடுங்கள். அடிமட்டத்தின் நுனியிலிருந்து எண்ணாதீர்கள், சைபர் கோடு கொஞ்சம் உள்ளே இருக்கும். இரண்டு காலையும் அளவுங்கள். பிறகு பெருவிரல் மூட்டையும் சுண்டுவிரல் மூட்டையும் சேர்த்து, தையல் நாடாவால் இறுக்காமல் ஒரு சுற்று.

கடைத்தெரு அண்ணன்:
தங்கச்சி, நான் சொல்வது கணக்கு. பென்சிலின் தடிப்பு 7 மில்லிமீற்றர் அளவில். நிமிர்த்திப் பிடித்துக் காலைச் சுற்றி வரைந்தால் கோடு காலுக்கு 3.5 மில்லிமீற்றர் வெளியே விழும், முன்னும் பின்னும் சேர்த்து 7. ஐரோப்பிய அளவில் ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் இடைவெளியே 6.67 மில்லிமீற்றர்தான். ஒரு பென்சிலால் ஒரு முழு நம்பர் பிழைக்கிறது! பென்சிலை உள்ளே சரித்தால் மற்றப் பக்கம் பிழை. அதனால்தான் காலைச் சப்பாத்துக்குள் விட்டுப் பார் என்கிறோம்.

கல்லடி நடனக்காரி:
நான் சுற்றி வரையச் சொல்லவில்லையே, சுவரும் புத்தகமும் என்றுதானே எழுதினேன். நீங்கள் சொன்ன கணக்குத்தான் அதற்குக் காரணமும். போட்டுப் பார்க்க இந்த ஊரில் சப்பாத்து இருந்தால் நானும் போட்டுப் பார்க்கத்தான் சொல்வேன்.

வாவிக்கரையான்:
நான் வேறு கேள்வி கேட்கிறேன். எங்கள் மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடிக் கூத்து ஆடுகிறவர்கள் வட்டக்களரியில் சதங்கை கட்டி வெறுங்காலோடு விடிய விடிய ஆடுகிறார்கள். விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் பரதம் படிக்கிற பிள்ளைகளுக்கும் வெறுங்கால்தான். 12 வயதுப் பிள்ளைக்குக் குதி உயர்ந்த சப்பாத்து எதற்கு? கால் வளரட்டும், பிறகு வாங்கலாம்.

கல்லடி நடனக்காரி:
அண்ணன், நானும் பரதம் படித்தவள், அதற்கு வெறுங்கால்தான் சரி. ஆனால் சா-சா-சாவில் முன்பாதத்தை நிலத்தில் ஊன்றியபடியே சுழல வேண்டும். வெறுங்காலோ றப்பர் அடியோ நிலத்தில் ஒட்டிப்பிடித்தால் அந்த முறுக்கை முழங்கால்தான் வாங்கும். சுவேட் தோல் அடி அளவாக வழுக்கி அளவாகப் பிடிக்கும். குதி உயரம் பற்றி நீங்கள் சொல்வது நியாயம், பிள்ளைகளுக்குப் பதிந்த, அகலமான குதி வைத்த மொடல் இருக்கிறது, அக்கா அதைத்தான் கேட்க வேண்டும்.

ஆரையம்பதி பால்ரூம்:
நான் வோல்ட்ஸும் டாங்கோவும் ஆடுகிறவன். நீளத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள், எங்கள் ஆட்களுக்குப் பிரச்சினை அகலம்தான். வெறுங்காலோடு வளர்ந்தவர்களின் முன்பாதம் அகலமாக இருப்பதை இந்தியாவில் செய்த ஆய்வுகளிலும் கண்டிருக்கிறார்கள். அகலம் போதவில்லை என்று நீளத்தில் ஒரு நம்பர் கூட்டி வாங்குகிறோம், பக்கம் சரியாகிவிடும், குதி கழன்றுகொண்டு வரும். அகலத்தைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், நடனச் சப்பாத்து செய்கிற பலர் ஒரே நம்பரில் இரண்டு மூன்று அகலம் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. 1920களில் அமெரிக்காவில் சார்ள்ஸ் பிரானொக் செய்த உலோக அளவுத் தட்டு குதியிலிருந்து விரல் நுனி வரை மட்டும் அளப்பதில்லை, குதியிலிருந்து பெருவிரல் மூட்டு வரையும் தனியாக அளக்கும். ஒரே நீளப் பாதம் இரண்டில் ஒன்றுக்கு விரல் நீளம், மற்றதற்குக் கட்டை. சப்பாத்து மடிகிற இடம் மூட்டோடு பொருந்தாவிட்டால் நம்பர் சரியாக இருந்தும் கால் நோகும். வந்ததும் முன்பாதத்தில் எழும்பி நின்று, எங்கே மடிகிறது என்று பாருங்கள். சுவேட் அடி வைத்த சப்பாத்தோடு வெளியே ஒரு எட்டு கூட வைக்க விடாதீர்கள், எங்கள் கடற்கரை மணல் ஏறினால் சுவேட் அவ்வளவுதான்.

திருக்கோவில் அம்மா:
நேற்றுப் பின்னேரம் அளந்தேன். இடது 228 மில்லிமீற்றர், வலது 232. சுற்றளவு இரண்டுக்கும் 218. இரண்டு காலும் ஒரே அளவு இல்லை என்பதே இப்போதுதான் தெரிகிறது. எதை அனுப்புவது?

கடைத்தெரு அண்ணன்:
பெரிய காலைத்தான். 23.2 சென்ரிமீற்றரோடு 1.5 கூட்டுங்கள், 24.7. ஒரு சென்ரிமீற்றருக்கு ஒன்றரை நம்பர், அதனால் அதை 1.5 ஆல் பெருக்குங்கள், 37.05. பள்ளிச் சப்பாத்தும் 37. கணக்கு இடிக்கவில்லை, அதற்குக் கீழே போக வேண்டாம். வளர்ச்சிக்கு 38 என்பதில் நான் இன்னும் நிற்கிறேன்.

கல்லடி நடனக்காரி:
நீங்கள் கூட்டிய அந்த 1.5 சென்ரிமீற்றர்தான் நடக்கிற சப்பாத்தில் விரலுக்கு முன்னால் விடுகிற இடம். திறந்த லத்தீனுக்கு அரை சென்ரிமீற்றர் போதும். 23.7ஐ 1.5 ஆல் பெருக்கினால் 35.55. என் கணக்குக்கு 36. தோல் என்றால் ஆட ஆட இளகிக் கொடுக்கும், 36 போதும். சாட்டின் துணி அவ்வளவாக இளகாது, அரை நம்பர் கூட்டி 36.5 எடுக்கலாம். வளர்ச்சியைப் பற்றியும் சொல்கிறேன், பெண்பிள்ளைகளுக்கு இந்த வயதுக்குப் பிறகு பாத வளர்ச்சி மெதுவாகிவிடும். நாளைய காலுக்கு வாங்கி இன்றைய காலை ஏன் பிரள விட வேண்டும்?

வாவிக்கரையான்:
36க்கும் 38க்கும் நடுவில் அந்தத் தாய் என்ன செய்வது?

ஆரையம்பதி பால்ரூம்:
நம்பரை விட்டுவிட்டு மில்லிமீற்றரில் கதையுங்கள். ஒவ்வொரு கொம்பனியின் 36ம் ஒவ்வொரு விதம், பாலே சப்பாத்தில் நாம் நடக்கப் போடுகிற நம்பரிலிருந்து ஒன்று, இரண்டு குறைத்து எடுக்கச் சொல்கிற கொம்பனிகளே உண்டு. விற்கிறவரிடம் 232, 218 என்று இரண்டு எண்ணையும் கொடுங்கள். அந்த மொடலில் 36, 36.5, 37 மூன்றுக்கும் உள்ளடியின் நீளத்தை அளந்து, அடிமட்டம் வைத்த படத்தோடு அனுப்பச் சொல்லுங்கள்.

கடைத்தெரு அண்ணன்:
இதற்கு நானும் உடன்படுகிறேன். உள்ளடியை அளந்து படம் அனுப்ப மாட்டேன் என்கிறவருக்குக் காசு போடாதீர்கள், தங்கச்சி. ஆனால் படம் வந்த பிறகு இரண்டு நம்பருக்கு நடுவில் நின்றால் பெரியதைத்தான் எடுங்கள்.

கல்லடி நடனக்காரி:
சின்னதை.