டெலவேகா மலைக்கு முதல் தடவை போகிறேன்: எந்தத் தட்டு, எந்தச் செருப்பு, அப்பாவைக் கூட்டிப் போகலாமா?

பொருநைக்கரையான்:

வணக்கம். இருப்பது கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட். ஆபீஸ் நண்பர் இழுத்துப் போய்ப் பழக்கிவிட்டதில் ஆறு மாதமாக டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறேன். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. யார் குறைந்த எறிகளில் தட்டைக் கூடைக்குள் போடுகிறாரோ அவர் ஜெயித்தார்.

வருகிற சனிக்கிழமை எங்கள் கும்பல் சான்டா க்ரூஸ் டெலவேகாவுக்குக் கிளம்புகிறது. எனக்கு இப்போதே வயிற்றைக் கலக்குகிறது. நான் ஆடுவது வீட்டுப் பக்கத்துப் பூங்காவில். கேரம் போர்டு மாதிரி சமதரை. அதில் 250 அடி எறிவேன், ஓரளவு நேராகவும் போகும். போன மாதம் வேறொரு பூங்காவுக்குப் போனோம். அங்கே ஒரே ஒரு கூடை மட்டும் மேட்டு விளிம்பில் இருந்தது. பதினைந்து அடியில் நின்று போட்டேன். சங்கிலியில் உரசி வெளியே விழுந்தது. விழுந்த தட்டு படுக்கவில்லை. சக்கரம் மாதிரி நிமிர்ந்து, கொஞ்சம் தயங்கி, சரிவில் இறங்கி, நடைபாதையைக் கடந்து, ஓடைக்குள் போய்ப் படுத்தது. மூன்றில் முடிய வேண்டியதை எட்டில் முடித்தேன். டெலவேகாவில் பாதிக் கூடைகள் இப்படித்தான் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள்.

என்னிடம் எட்டுத் தட்டு இருக்கிறது, அதில் நாலு டிரைவர், அதாவது வெகுதூரம் எறியும் தட்டு. எதை எடுத்துப் போவது? உச்சியிலிருந்து கடலைப் பார்த்துக் கீழே எறியும் அந்த 27ஆம் கூடையை எப்படி ஆடுவது? அப்புறம், அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார். வயது 66. வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து சலித்துப் போயிருக்கிறார். நன்றாக நடப்பார், இறக்கத்தில் மட்டும் முழங்கால் வலிக்கும். கூட்டிப் போகலாமா, வேண்டாமா?

மேட்டுக்கூடை:

தாராளமாகக் கூட்டிப் போங்கள். ஒரு கைத்தடி, இரண்டு பாட்டில் தண்ணீர். 29 கூடையையும் அவர் சுற்ற வேண்டாம். நடக்கிற வரை நடக்கட்டும். 27ஐ மட்டும் அவர் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். மான்டரே விரிகுடா மொத்தமும் தெரியும் அங்கிருந்து. ‘டாப் ஆஃப் த வேர்ல்ட்’ என்று அதற்குப் பெயரே உண்டு.

தட்டு விஷயத்துக்கு வருகிறேன். பதினோரு வருஷமாக அந்த மலையில் எறிகிறேன், முதல் இரண்டு வருஷம் உங்களைப் போலத்தான், பை நிறைய டிரைவர். ஒவ்வொரு ஞாயிறும் ஒன்றைத் தொலைத்துவிட்டு வருவேன். வீட்டில், ‘வெளையாடப் போறீங்களா, உண்டியல்ல போடப் போறீங்களா’ என்பார்கள். புரிய நாளாயிற்று. சமதரையில் தட்டு எங்கே விழுகிறதோ அங்கேயே ஏறக்குறைய நின்றுவிடும். மலையில் விழுவது ஒரு இடம், நிற்பது இன்னொரு இடம். எறிவதற்கு முன்னால் கூடையைப் பார்ப்பதை விட, கூடைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். நாலு டிரைவரில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மிட்ரேஞ்ச் (நடுத்தூரத் தட்டு) இரண்டு, பட்டர் (கிட்டே நின்று கூடைக்குப் போடும் தட்டு) இரண்டு எடுத்துப் போங்கள்.

அங்கே தரை பல இடத்தில் வெயிலில் காய்ந்த களத்துமேடு மாதிரி கெட்டி. சாய்ந்த தட்டு விளிம்பால் இறங்கினால் நிற்காது. அதனால் கூடை பக்கத்தில் போடும்போது தட்டைத் தோசைக்கல் மாதிரி படுக்கையாகவே விடுங்கள். தவறினாலும் வயிற்றால் விழுந்து, சறுக்கி, கொஞ்சத்தில் நிற்கும். மேலே நின்று சரிவுக் கூடைக்குப் போடுவதுதான் ஆபத்து. தப்பினால் பள்ளம் முழுக்க உங்களுடையது. இருபத்தைந்து அடி, கூடைக்குப் பின்னால் சரிவு என்றால் நான் கூடைக்கே போடுவதில்லை. காலடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, அடுத்த எறியில் போட்டுவிட்டு நடையைக் கட்டுவேன். கூட வருகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பட்டர் பழசாக, மெத்தென்று இருந்தால் இன்னும் நல்லது, மண்ணைப் பிடிக்கும். பளபள என்று புதிதாக இருக்கும் கெட்டி பிளாஸ்டிக் நாணயம் மாதிரி உருளும்.

இப்போது 27. நீங்கள் வலக்கைக்காரர், பேக்ஹாண்ட் (கையை மார்புக்குக் குறுக்கே இழுத்து எறிவது) என்று வைத்துக்கொள்கிறேன். வலக்கையால் அப்படி எறியும் தட்டு வேகம் குறையக் குறைய இடப்பக்கம் சாயும், தெரியும்தானே. சமதரையில் அந்தச் சாய்வு பத்தடி, இருபதடியில் தரை தட்டி முடிந்துவிடும். மலையுச்சியிலிருந்து எறிந்தால் தரை வரவே வராது. தட்டு சாய்ந்துகொண்டே, நகர்ந்துகொண்டே, இடப்பக்கத்து ஓக் மரங்களுக்குள் போய்த்தான் ஓயும். முதல் தடவை போகிறவர் எல்லோரும் கடலைப் பார்த்த மயக்கத்தில் அடிவானத்துக்கு எறிவார்கள். அப்படி எறியாதீர்கள். அப்போது தட்டின் மூக்கு, அதாவது முன் விளிம்பு, மேலே தூக்கிவிடும். கடல் காற்று எதிரே அடித்தால் காற்றாடி மாதிரி எழும்பி, நின்று, பின்னாலேயே விழும். இடுப்பை வளைத்து, தோளைச் சரிவுக்கு இணையாகச் சாய்த்து, கீழே இருக்கும் கூடையின் பக்கமே எறியுங்கள். மிட்ரேஞ்ச் போதும். தூரத்தை மலை கொடுத்துவிடும்.

ஏற்றத்தில் இதற்கு நேர்மாறு. தட்டு சீக்கிரம் களைத்துவிடும், சீக்கிரமே இடப்பக்கம் விழும். கொஞ்சம் வலப்பக்கம் திரும்பும் சுபாவமுள்ள தட்டாக எடுங்கள் (மேலே அச்சடித்திருக்கும் நாலு எண்ணில் மூன்றாவது மைனஸில் இருக்கும்).

ஓடி வந்து எறிவதை டீயோடு (முதல் எறி எறியும் இடம்) நிறுத்திக்கொள்ளுங்கள். சரிவில் நின்ற இடத்திலேயே எறியுங்கள். நான் ஒரு தடவை காய்ந்த இலைமேல் கால் வைத்து, தட்டுக்கு முன்னால் நானே கீழே போய்ச் சேர்ந்தேன். நல்ல பிடிப்புள்ள மலையேற்ற ஷூ போடுங்கள். அப்பாவுக்கும்தான், தோல் செருப்பு கூடவே கூடாது.

பழைய_ஃபிரிஸ்பி:

மேட்டுக்கூடை சொல்வது எல்லாம் சரி, ஆனால் மனுஷன் முதல் தடவை போகிறார் சார். 27இல் நின்று டிரைவரை ஒரு தடவையாவது முழுப் பலத்தோடு விடாமல் வந்தால், திருப்பதிக்குப் போய் லட்டு வாங்காமல் வந்த கதை. ஒரு தட்டு போனால் போகட்டும். அது காற்றில் நிற்கும் நேரம் இருக்கிறதே, சமதரையில் பத்து வருஷம் ஆடினாலும் கிடைக்காது.

ஒரு தகவல். இந்த விளையாட்டுக்கு முதல் நிரந்தர மைதானம் 1975இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஓக் குரோவ் பூங்காவில் வந்தது. அமைத்தவர் எட் ஹெட்ரிக். அங்கே முதலில் கூடை கிடையாது, கம்பம்தான். தட்டு கம்பத்தில் பட்டதா இல்லையா என்று ஓயாமல் சண்டை வந்ததில்தான் சங்கிலியும் கூடையும் பிறந்தன. அவர் பிற்காலத்தில் வாழ்ந்தது இதே சான்டா க்ரூஸ் மாவட்டத்தில். 2002இல் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அஸ்தியைத் தட்டுகளில் கலந்து வார்த்தார்கள். நம் ஊரில் கடலில் கரைப்போம், இவர் பறந்துகொண்டிருக்கிறார்.

சுக்குக்காப்பி:

ஆட்டத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்காரர் ஆடுவார், நான் பின்னால் நடப்பேன். ஆனால் நர்ஸாக இருப்பதால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், இதுவரை யாரும் சொல்லவில்லை. அந்த மலை முழுக்க பாய்ஸன் ஓக் இருக்கிறது. ஒரு காம்பில் மூன்று இலை, பளபளப்பாக இருக்கும், வெயில் காலம் முடியும்போது அழகாகச் சிவக்கும். பூங்கொத்து மாதிரி இருக்கிறதே என்று தொட்டீர்களோ, தொலைந்தீர்கள்.

அப்பாவுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டுமானால் சேராங்கொட்டை என்று சொல்லுங்கள். வண்ணார் துணிக்குக் குறி போடுவார்களே, பால் பட்டால் தோல் வெந்து கொப்புளிக்குமே, அதே குடும்பத்துச் செடிதான். மாமரமும் முந்திரியும்கூட அந்தக் குடும்பம்தான். மாங்காய்ப் பால் உதட்டில் பட்டுப் புண்ணாவதும் இதே வகை எண்ணெயால்தான். குளிர்காலத்தில் இலை உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும்போதும் அதில் எண்ணெய் இருக்கும்.

பட்ட உடனே ஒன்றும் தெரியாது. பன்னிரண்டு மணி நேரம் கழித்தோ, இரண்டு நாள் கழித்தோதான் அரிக்க ஆரம்பிக்கும். அதனால் வீட்டுக்கு வந்ததும், அரித்தாலும் அரிக்காவிட்டாலும், பாத்திரம் தேய்க்கும் சோப்புப் போட்டு நிறைய தண்ணீரில் கையையும் முழங்காலையும் கழுவுங்கள். துணியைத் தனியாகத் துவையுங்கள். தட்டு புதருக்குள் போனால் விட்டுவிட்டு வாருங்கள்.

மேட்டுக்கூடை:

சுக்குக்காப்பி அக்கா சொன்னதுதான் முக்கியம், நான் மறந்தே போனேன். தேடுவதற்கு விதிப்படி மூன்று நிமிஷம்தான். கிடைக்கவில்லையா, ஒரு எறி தண்டனை போட்டுக்கொண்டு, முன்பு எறிந்த இடத்திலிருந்தே மறுபடி எறிய வேண்டும். அந்த மூன்று நிமிஷத்தில் புதருக்குள் முழங்கை வரை விடாதீர்கள்.

பொருநைக்கரையான்:

போய் வந்தோம்! ஞாயிறே எழுத நினைத்தேன், தொடை இரண்டும் வீங்கி நாற்காலியில் உட்காரவே முடியவில்லை.

காலை எட்டரைக்குப் போனபோது மூடுபனி. முதல் சில கூடைகள் கண்ணுக்கே தெரியவில்லை. சங்கிலிச் சத்தம் கேட்டால்தான் தட்டு போனது தெரியும். பத்தரைக்குத்தான் வெயில் வந்தது. அப்பா கைத்தடியோடு, குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு, பாதி மைதானம் அசராமல் நடந்தார். மற்ற பாதியில் குறுக்கு வழியில் வந்து எங்களுக்கு முன்னால் நின்றார்.

உருளல் இல்லாமல் இல்லை. ஒரு கூடையில் என் பட்டர் நிமிர்ந்து சரிவில் இறங்க ஆரம்பித்தது. கீழே நின்ற அப்பா, போகிற கோழியை மறிப்பது போலக் காலை நீட்டி நிறுத்திவிட்டார். அப்படித் தடுக்கக் கூடாது, விதி இருக்கிறது என்றேன். ‘உருண்டு போறதப் பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றியாக்கும்’ என்றார். நண்பர்கள் பெரிய மனதோடு விட்டுவிட்டார்கள்.

அவரையும் ஒரு எறி எறியச் சொன்னோம். நாங்கள் காட்டிக்கொடுத்த பேக்ஹாண்ட் வரவே இல்லை, தட்டு தலைக்கு மேலே கவிழ்ந்தது. பிறகு அவரே தட்டைத் திருப்பிப் பிடித்து, முழங்கையை இடுப்போடு ஒட்டி, மணிக்கட்டைச் சுண்டினார். 130 அடியாவது போயிருக்கும், மட்டமாக, ஒரு தள்ளாட்டம் இல்லாமல். எனக்கு ஆறு மாதமாக வராத ஃபோர்ஹாண்ட் அது. எங்கே கற்றீர்கள் என்றால், ‘குளத்துல ஓட்டாஞ்சல்லி எறியறதுதானடா’ என்கிறார். ஏழு தவளை, எட்டுத் தவளை விடுவாராம்.

27க்கு வந்தோம். மேட்டுக்கூடை அண்ணா மன்னிக்க வேண்டும், பழைய_ஃபிரிஸ்பி பேச்சைத்தான் கேட்டேன். டிரைவரை எடுத்து அடிவானத்துக்கே விட்டேன். ஐயோ, அது நின்ற நேரம்! கீழே மரம், அதற்குக் கீழே ஊர், அதற்கப்பால் கடல், நடுவில் என் ஆரஞ்சுத் தட்டு. அப்பா ஒன்றும் சொல்லாமல் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அப்புறம் அது நீங்கள் சொன்னது போலவே இடப்பக்கம் சாய்ந்து, சாய்ந்து, ஓக் மரத்துக்குள் போயிற்று. இறங்கிப் போய்த் தேடி, கிடைக்காமல், மறுபடி மூச்சு வாங்க ஏறி வந்து, தோளைச் சாய்த்து மிட்ரேஞ்சை எறிந்தேன். கூடைக்கு நாற்பதடியில் படுத்தது. தண்டனையோடு சேர்த்து ஆறு. எனக்குப் பரம திருப்தி.

திரும்பும்போது அப்பாதான் அந்த ஆரஞ்சுத் தட்டைப் பார்த்தார். மூன்றிலைப் புதருக்கு நடுவே கிடந்தது. அக்கா சொன்னது நினைவிருந்தது, கை விடவில்லை. கைத்தடியால் இழுத்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

இன்று காலையிலிருந்து வலது முழங்கையின் உட்பக்கம் வரிவரியாகத் தடித்து அரிக்கிறது. கையைத்தான் வந்ததுமே சோப்புப் போட்டுக் கழுவினேனே, இது எப்படி?

சுக்குக்காப்பி:

கை கழுவினீர்கள். தட்டைக் கழுவினீர்களா? கைத்தடியை? பையை அந்த முழங்கையில்தானே மாட்டியிருப்பீர்கள்? அந்த எண்ணெய் காய்ந்து போகாது, தட்டிலும் கம்பிலும் ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் இருக்கும். குளிர்ந்த நீர் ஒத்தடம் கொடுங்கள், கலமைன் லோஷன் போடுங்கள், சொறியாதீர்கள். முகத்தில் பரவினாலோ கண் வீங்கினாலோ டாக்டரிடம் போய்விடுங்கள். முதலில் அந்தத் தட்டை எடுத்து சோப்புத் தண்ணீரில் போடுங்கள், கையுறை மாட்டிக்கொண்டு. இப்போது தட்டு எங்கே இருக்கிறது?

பொருநைக்கரையான்:

அப்பாவிடம். இரண்டு நாளாகக் கொல்லைப்புறத்தில் அதை வைத்துத்தான் ஓட்டாஞ்சல்லி எறிந்து பழகிக்கொண்டிருக்கிறார்.